கட்டைவிரலின் ஆட்சேபணை

பனையாந்தாங்கல் பத்திர ஆபீஸில் மனிதரை மனிதர் நம்புவது வழக்கமில்லை. அதில் எனக்கொன்றும் குறை கிடையாது. அந்த அவநம்பிக்கைதான் எனக்கு இத்தனை வருஷமாகச் சோறு போட்டது. சொத்து எழுதிக் கொடுக்க வருகிறவர், தான் இன்னார் என்று தானே சொன்னால் செல்லாது. இன்னொருவர் சொல்ல வேண்டும். அந்த இன்னொருவர் நான். ஆபீஸ் வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டால் உள்ளே போய், முன்பின் பார்த்திராத ஆளைக் காட்டி, இவரைச் சின்ன வயசு முதல் அறிவேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். ஒரு நாஷ்டா, ஒரு காபி. ஊரில் என்னைச் சாட்சி சடையப்பன் என்பார்கள்.

சிட்டம்மாள் விஷயத்தில் மட்டும் நான் சொன்னது நிஜம். அவள் எங்கள் தெருக்காரி, எதிர் வீடு. சின்ன வயசு முதல் அவளை எனக்கு உண்மையாகவே தெரியும். என் சாட்சியை அந்த ஆபீஸ் நம்பாமல் போனதும் அந்த ஒரு தடவைதான்.

எமர்ஜென்சி எடுத்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கினால் எங்கள் ஊர். சிட்டம்மாள் தாலியறுத்தவள். மகன்கள் சுப்பிரமணியும் எத்திராஜும் அப்பன் நிலத்தைப் பிரித்துக்கொண்டு தனித்தனியாகப் போய்விட்டார்கள். அவளுக்கென்று இருந்தது ஏரிக்குக் கீழே முக்கால் ஏக்கர், ஒரு கிணறு. தாய்வீட்டில் கொடுத்த மஞ்சக்காணி. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு மஞ்சள் குங்குமச் செலவுக்கென்று பிறந்த வீட்டில் எழுதி வைப்பார்களே, அந்த நிலம். அது பெண் வழியில்தான் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

அவளுடைய பெண் வசந்தகுமாரியைத் தென்னேரியில் கொடுத்திருந்தது. புருஷன் இன்னொருத்தியைக் கூட்டி வந்து வீட்டில் வைத்தான். வசந்தா ஒரு தகரப் பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். சிட்டம்மாள் கண்ணை மூடினால் மறுநாளே அண்ணன்மார் அந்தப் பெட்டியைத் தெருவில் வைப்பார்கள் என்பது தெருவுக்கே தெரியும். சிட்டம்மாளுக்கும் தெரியும். அதனால்தான் உயிரோடு இருக்கும்போதே மஞ்சக்காணியை மகள் பெயருக்கு எழுதிவிட நினைத்தாள். நல்ல எண்ணம். எதையும் சந்தேகப்படுகிற நானே அதைச் சந்தேகப்படவில்லை.

அந்தச் சமயத்தில் அவளுடைய இடது கட்டைவிரல் மடங்கிக்கொண்டது.

அவள் பால் கறக்கிற விதம் அப்படி. கட்டைவிரலை உள்ளே மடக்கி, அதன் முட்டியில் காம்பை அழுத்திக் கறப்பாள். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் கறப்போம். வருஷக்கணக்காக மடக்கிய விரல் ஒருநாள் மடங்கியே நின்றுவிட்டது. காலையில் எழுந்தால் உள்ளங்கைப் பக்கம் வளைந்து கிடக்கும். இன்னொரு கையால் இழுத்துவிட்டால் 'டொக்' என்ற சத்தத்தோடு நிமிரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி மடங்கும். வெந்நீரில் ஊற வைத்தால் மத்தியானத்துக்குமேல் ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்கும். வசந்தாதான் வெந்நீர் வைப்பாள், விரலையும் நோகாமல் நிமிர்த்தி விடுவாள்.

பத்திர எழுத்தர் ஏகாம்பரம் பத்திரத்தை எழுதினார். அவர் எழுத்தில் தேன் ஒழுகும். 'என் முழு மனதுடனும், நல்ல நினைவுடனும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி' என்று அவர் எழுதினால், எழுதிக் கொடுக்கிறவருக்கே நமக்கு இவ்வளவு பெரிய மனசா என்று தோன்றும். ஒரு புதன்கிழமை, ராகுகாலத்துக்கு முன்னால் ரேகை வைத்துவிடுவது என்று நாள் பார்த்துப் போனோம்.

இங்கே ரிஜிஸ்தர் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வீரபத்திரன். கம்பி அடித்த மர மேடைமேல் அவர் நாற்காலி. கம்பிக்குக் கீழே ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கும். மக்கள் அதன் வழியாகக் கையை மட்டும் உள்ளே நீட்ட வேண்டும். அவர் கையைப் பிடித்து, மையில் புரட்டி, காகிதத்தில் உருட்டி, கையை வெளியே விட்டுவிடுவார். கைக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பது அவருடைய வேலைக்குத் தேவைப்படவில்லை. காசு வாங்க மாட்டார். அதுதான் எங்களுக்குப் பெரிய பேஜார். வாங்குகிற மனிதராக இருந்தால் இந்தக் கதை அன்றைக்கே, ராகுகாலத்துக்கு முன்னாலேயே முடிந்திருக்கும்.

சிட்டம்மாள் கையை நீட்டினாள். விரல் மடங்கி இருந்தது. வசந்தா பக்கத்திலிருந்து இழுத்துவிட்டாள். டொக் என்று சத்தம் கேட்டது. வீரபத்திரன் மை உருளையைக் கீழே வைத்துவிட்டு, அது என்ன சத்தம் என்றார்.

வசந்தா கள்ளமில்லாமல் சொன்னாள். "வெரலு சார். மடங்கிக்கினு கீது. இஸ்து வுட்டா நேரா வந்துரும்."

யார் இழுப்பது என்று கேட்டார். நான்தான் என்றாள். சொத்து யாருக்குப் போகிறது என்று கேட்டார். எனக்குத்தான் என்றாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அந்த ஆபீஸில் அவர் பேனாவை மூடினால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியும். எனக்கு அன்றைய காபி போயிற்று.

பிறகு அவர் பேசினார். அவர் பேசும்போது குமாஸ்தாக்கள் எழுதுவதை நிறுத்திக் கேட்பார்கள். "இந்தாம்மா, வாய் ஆயிரம் சொல்லும். என் சர்வீஸ்ல நான் ஒரு வாயையும் கேட்டதில்ல, ஒரு மூஞ்சியையும் நிமிந்து பாத்ததில்ல. எனக்கு விரல் போதும். உன் விரல் இன்னிக்கு குனிஞ்சு நிக்குது. மனசில்லாதவங்கதான் குனிஞ்சு நிப்பாங்க. அதை உன் மக இழுத்து நிமித்துறா. கழுத்தைப் பிடிச்சு நிமித்துறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

சிட்டம்மாள் ஒன்றும் புரியாமல் ஏகாம்பரத்தைப் பார்த்தாள். சம்மதம்தான் சாமி, என் சொத்து, என் பொண்ணு என்று நாலு தடவை சொன்னாள். அதெல்லாம் வாய் வழியாக வந்தது என்பதால் யாரும் குறித்துக்கொள்ளவில்லை. தன் வலது கையாலேயே இழுத்துக்கொள்கிறேன் என்றாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். ரேகை வைக்கப் போவது இடது கை, வலது கைக்கு இதில் என்ன வேலை என்று கேட்டார். அப்படியானால் வலது கட்டைவிரலையே வைத்துவிடலாமே என்று ஏகாம்பரம் மெல்ல எடுத்துக் கொடுத்தார். இடது கை இல்லாதவர்களுக்குத்தான் வலது என்றார் வீரபத்திரன். "இந்தம்மாவுக்கு இடது கை இருக்குது. இருக்கறதாலதான் சிக்கல்."

விஷயம் மூத்தவன் சுப்பிரமணிக்கு எட்ட நேரமாகவில்லை. மறுநாளே ஒரு மனுவோடு வந்து கம்பிக்கு முன்னால் நின்றான். எங்கம்மாவுக்கு இஷ்டமில்ல சார், வாயால சொல்ல பயப்புடுது, வெரலே சொல்லுது பாருங்க என்றான். வீரபத்திரன் அவனுக்கு உட்கார நாற்காலி போடச் சொன்னார். அந்த ஆபீஸில் பொதுமக்களுக்கு நாற்காலி இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அங்கே இந்தப் பத்திரத்துக்கு மூன்று கட்சிகள். எழுதிக் கொடுப்பவர் சிட்டம்மாள், எழுதி வாங்குபவர் வசந்தகுமாரி, ஆட்சேபணை செய்பவர் கட்டைவிரல்.

அடுத்த தடவை புத்திசாலித்தனமாக மத்தியானம் போனோம். வசந்தா பஸ் ஏறுவதற்கு முன் அரைமணி நேரம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருந்தாள். விரல் யாரும் தொடாமலே நேராக நின்றது. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். என் சந்தோஷத்தை நான் என்றைக்குமே நம்பியதில்லை. அன்றைக்கும் நம்பியிருக்கக் கூடாது.

வீரபத்திரன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலையில மறுத்த விரல் மத்தியானம் சம்மதிக்குதுன்னா நடுவுல யாரோ பேசியிருக்காங்க."

வெந்நீர்தான் சார் என்றேன் நான். வெந்நீர் வைத்தது யார் என்றார். வசந்தா என்றதும் அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். அடுப்பு மூட்டியது, தண்ணீர் சேந்தியது, அம்மாவின் கையைப் பிடித்து அதில் முக்கியது, எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வசந்தாதான். கேள்விகள் முடிந்தபோது, வசந்தா தன் அம்மாவுக்குச் செய்த பணிவிடை அத்தனையும் குற்றப் பட்டியலாக வரிசைகட்டி நின்றது. சிட்டம்மாள் ஒவ்வொரு கேள்விக்கும் மகள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விரலின் சுய விருப்பத்தைக் கண்டறிய வேண்டும் என்று முடிவாயிற்று. சிட்டம்மாளை ஆபீஸின் பின்னறையில், பழைய பத்திரக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். யாரும் கிட்டே போகக் கூடாது. எதிரே ஸ்டூலில் பியூன் சேட்டு. விரல் எப்போது மடங்குகிறது, எப்போது நிமிர்கிறது என்று அவன் கவனித்துச் சொல்ல வேண்டும். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு, சர்க்கார் விரலைப் பார்க்க, தானும் விரலைப் பார்த்தபடி சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடிக்க வலது கையை மட்டும் பயன்படுத்தலாம் என்று அனுமதி இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு சேட்டு தூங்கிப் போனான். விரல் அப்போதுதான் நிமிர்ந்ததாம். அதற்குச் சாட்சி இல்லை. நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். நான் அறைக்கு வெளியே இருந்ததால் எடுபடவில்லை.

அதன் பிறகு வீரபத்திரன் வீட்டுக்கே வந்தார். விரல் அதன் இயல்பான சூழ்நிலையில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டுமாம். விடியற்காலையில் தோளில் துண்டோடு மாட்டுக் கொட்டகையில் நின்றார். சேட்டு அவருக்குப் பின்னால் மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான், வழியில் விரல் மனம் மாறினால் அங்கேயே பதிந்துகொள்ளலாம் என்று. சிட்டம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கறந்தாள். ஒவ்வொரு பீச்சுக்கும் வலியில் தோள் தூக்கிப் போட்டது. மாடு மட்டும் ரிஜிஸ்தர் ஐயாவைச் சந்தேகமாகப் பார்த்தது.

கறந்து முடித்ததும் அவர் தெருவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பாருங்க, மாட்டுக்கிட்ட வந்தா விரல் தன் வேலையைச் செய்யுது. ஒரு தகராறும் இல்ல. சர்க்கார் காகிதத்துக்கிட்ட வந்தாத்தான் நிமிர மாட்டேங்குது. விரலுக்கு எது பிடிக்கல, எது பிடிக்கும்னு இதுக்குமேல என்ன சொல்லணும்?" தெருவில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். விரல் மாட்டிடம் மடங்குகிறது, காகிதத்திடம் நிமிர வேண்டியிருக்கிறது, இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை. பியூன் கையில் மைப்பெட்டி இருக்கும்போது நான் அபிப்பிராயம் சொல்வதில்லை.

வசந்தாதான் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மேரி என்று ஒரு அம்மாள் கைகால் வைத்தியம் பார்த்தார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் நெசவுக்காரர்கள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், ராத்திரியில் விரலெல்லாம் மரத்துப் போகிறது என்று கையை உதறிக்கொண்டிருந்தவர்கள், மணிக்கட்டின் மேல் கோலிக்குண்டு அளவுக்கு நீர்க்கட்டி வைத்திருந்த ஒருவர். ஒருத்தருக்கும் பத்திர ஆபீஸ் தொந்தரவு இல்லை. வெறும் வியாதியோடு நிம்மதியாக இருந்தார்கள்.

டாக்டரம்மா கட்டைவிரலின் அடியில் உள்ளங்கைப் பக்கம் அழுத்திப் பார்த்தார். பட்டாணி அளவு ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. விரலை இழுக்கிற நார் ஒரு குழாய்க்குள் போய் வருகிறது, அந்த நாரில் முடிச்சு விழுந்து குழாய் வாயில் மாட்டிக்கொள்கிறது, ஊசிக் காதில் முடிச்சுப் போட்ட நூல் மாதிரி என்றார். முடிச்சு அந்தப் பக்கம் சிக்கினால் விரல் மடங்கி நிற்கும், இழுத்தால் டொக் என்று இந்தப் பக்கம் வரும். ராத்திரி முழுக்க அசையாமல் இருப்பதால் காலையில் அதிகம். பால் கறக்கிறவர்களுக்குச் சகஜம். ஒரு ஊசி போட்டு, விரல் மடங்காதபடி சிம்பு வைத்துக் கட்டி, கைக்கு ஓய்வு கொடுக்கலாம். கேட்காவிட்டால் சின்னதாக ஒரு கீறல். குழாய் வாயைக் கொஞ்சம் திறந்து விட்டால் சரியாகிவிடும்.

வசந்தா நடந்ததையெல்லாம் சொன்னாள். டாக்டரம்மா கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு ஊசி போட்டுச் சிம்பு கட்டினார்; அதையும், விரல் மடங்குவதற்கும் மனசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சிட்டம்மாள் அதை ஜாக்கெட்டில் செருகிக்கொண்டாள். அன்றைக்கு அவள் முகம் தெளிவாக இருந்தது. தன்மேல் தப்பில்லை, விரல்மேலும் தப்பில்லை என்று பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீரபத்திரன் சீட்டைப் படித்தார். "டாக்டரம்மா நாரைப் பாத்திருக்காங்க. நாங்க சம்மதத்தைப் பாக்கறோம். அது வேற டிபார்ட்மென்ட்."

ஊசி போட்டதாகச் சீட்டில் இருந்ததைச் சுட்டிக் காட்டி, ஊசியில் என்ன மருந்து என்று கேட்டார். நல்ல நினைவுடன் என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதே, ஊசி போட்ட விரலுக்கு நல்ல நினைவு எப்படி இருக்கும் என்றார். சிம்பு கட்டி நேராக நின்ற விரலைப் பார்த்து, கட்டி வைத்து வாங்குகிற சம்மதம் தன் சர்வீஸில் செல்லாது என்றார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது யார் என்று கேட்டார். அதற்கும் பதில் வசந்தாதான்.

ஊசி ஒரு மாதம் தாங்கியது. பிறகு விரல் பழையபடி மடங்கிவிட்டது. டாக்டரம்மா கீறல்தான் வழி என்று நாள் கொடுத்தார். அதுவரைக்கும், அதற்குப் பிறகும் கையை வேலை வாங்கக் கூடாது என்றார். எதிர்வீட்டிலிருந்து நான் பார்த்தேன். வசந்தா மாட்டைக் கறந்தாள். பால் சொசைட்டிக்குத் தூக்கிப் போனாள். அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். நெல் குதிரின் சாவி அம்மா இடுப்பிலிருந்து அவள் இடுப்புக்கு வந்தது. ஏரிக்குக் கீழே போய்க் கிணற்றடியில் வேர்க்கடலை போட ஆள் விட்டாள். கை முடியாத ஒருத்திக்கு ஒரு மகள் செய்ய வேண்டியதைத்தான் அவள் செய்தாள்.

சிட்டம்மாள் சும்மா உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயுசில் முதல் தடவையாக அவளுக்குச் சும்மா உட்கார நேரம் கிடைத்திருந்தது. பின்னறை பெஞ்சில் விரலைக் கவனித்தவள் இப்போது வீட்டில் மகளைக் கவனித்தாள். சின்னவன் எத்திராஜ் தினம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அதுவரை பொங்கலுக்குப் பொங்கல்தான் வருவான். பாவம் வசந்தா, அலையுது பாரு, யாருக்காக அலையுதோ என்று சொல்லிவிட்டு வெற்றிலைச் சாற்றைத் துப்புவான். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். சுப்பிரமணி மனு கொடுத்து முடியாததை இவன் துப்பியே முடித்துவிடுவான் என்று எனக்கு அப்போதே பயம்.

ஒருநாள் வசந்தா அந்த மஞ்சக்காணிக் கொல்லையிலிருந்து வியர்த்து விறுவிறுத்து வந்தாள். "என் கொல்லியில எவன் மாட்ட வுட்டானோ தெர்லம்மா. செடி பூரா மேஞ்சிட்டு போயிருக்குது" என்றாள். அன்றைக்கு மத்தியானம் சிட்டம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, என்னைக் கேட்டாள். "ஏன் சடையப்பா, அவ என் கொல்லினு சொன்னாளே, கேட்டியா? இன்னும் நான் வெரல வெக்கல."

பேச்சுவாக்கில் வருவதுதானே என்றேன். ஆபீஸ் ஐயா கேட்டாரே, வெந்நி வெச்சது யாரு, இஸ்து வுட்டது யாருன்னு, அவரு படிச்சவரு, ஒண்ணுமில்லாமயா கேட்டாரு என்றாள். சிட்டம்மா, உன் பொண்ணு உனக்கு வெந்நீர் வைத்தாள், அவ்வளவுதான் என்று சத்தமாகவே சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நீ ஒரு காபிக்குச் சாட்சி சொல்றவன் என்று அந்தப் பார்வை சொன்னது. அது நியாயமான பார்வைதான். ஆனால் வலித்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மரத்துப் போக ஊசி போட்டு, அரைமணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். தையல் பிரித்த அன்று டாக்டரம்மா விரலை மடக்கு, நிமிர்த்து என்றார். மடங்கியது, நிமிர்ந்தது. சத்தமே இல்லை. வசந்தாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இனிமே ஆபீஸுக்குப் போலாமா டாக்டர், எப்போ போலாம் என்று கேட்டாள். நான் அவள் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம். இத்தனை நாள் அலைந்தவள் அதைக் கேட்காமல் எப்படி இருப்பாள். சிட்டம்மாள் விரலைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸுக்கு ஒரு திங்கட்கிழமை போனோம். சுப்பிரமணியும் எத்திராஜும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். வீரபத்திரன் வசந்தாவை வாசலுக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார். அவள் போய்ப் புங்கமரத்தடியில் நின்றாள். சிட்டம்மாள் இடைவெளி வழியாகக் கையை நீட்டினாள். அவர் விரலை அழுத்தினார், அசைத்தார், காதருகே வைத்துக்கூடக் கேட்டார். ஒரு குறையும் காண முடியவில்லை. வேறு வழியில்லாமல் மையில் புரட்டினார். காகிதத்துக்கு மேலே கொண்டு வந்து நிறுத்தி, எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்வியை, எல்லோரிடமும் கேட்கிற மாதிரி, கேட்டதற்குப் பதில் எதிர்பார்க்காமல் கேட்டார். யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லையே?

இந்தக் கேள்விக்கு அவள் எத்தனையோ தடவை இல்லை சாமி என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு யோசித்தாள். விரல் அந்தரத்தில் நின்றது. மை சொட்டாகத் திரண்டது. அவளுக்கு அடுப்பு ஞாபகம் வந்ததோ, வெந்நீர் ஞாபகம் வந்ததோ, குதிர்ச் சாவி ஞாபகம் வந்ததோ, எனக்குத் தெரியாது. வசந்தாவின் தலை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவள் உள்ளே பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கே தெர்ல சாமி" என்றாள் சிட்டம்மாள். "நீங்கதான இத்தினி நாளா கேட்டுக்கினு கீறீங்க. உங்களுக்கு தெரிஞ்சா சொல்லுங்க."

கையை இழுத்துக்கொண்டு, மையைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். நன்றாக, மறுபடி மறுபடி துடைத்தாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. மேடைமேல் இருந்தவர் மேலும் வந்தது. அதை நான் இந்த வயசிலும் மறைக்கப் போவதில்லை.

வீரபத்திரன் எழுந்து நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "முதல் நாளே சொன்னேன். விரலுக்குச் சம்மதமில்லைன்னு முதல் நாளே சொன்னேன். யாராவது நம்புனீங்களா? நான் மட்டும் கண்டிப்பா இல்லாம இருந்திருந்தா, அன்னிக்கே இந்தம்மா ஏமாந்து சந்தோஷமா வீட்டுக்குப் போயிருக்கும்." குமாஸ்தாக்கள் ஆமாம் என்றார்கள். சுப்பிரமணி கும்பிட்டான். அம்மா, அப்ப எங்க பேருக்கே எழுதிடேன், வெரலுதான் நேராயிடுச்சே என்று எத்திராஜ் மெதுவாக ஆரம்பித்தான். சிட்டம்மாள் அவனையும் மகளைப் பார்த்த அதே பார்வை பார்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். அந்தப் பார்வை அவளுக்குப் புதிதாக வந்தது. அந்த ஆபீஸ் கொடுத்தது.

வசந்தா அம்மாவின் புடவைத் தலைப்பில் இருந்த மையைப் பார்த்தாள். காகிதத்தில் இருக்க வேண்டியது துணியில் இருந்தது. வேறு எதையும் யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "பரவால்லம்மா. வா, பஸ் வந்துரும்" என்றாள்.

பஸ்ஸில் சிட்டம்மாள் வந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். வசந்தா முன்னால் பெண்கள் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாள். சிட்டம்மாள் என் காதோடு கேட்டாள். "பரவால்லன்றாளே, ஏன் அப்டி சொல்றா?"

அதற்குப் பிறகு அந்த மரத்தடிக்கு நான் சாட்சிக்குப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டேன். முன்பின் தெரியாதவனை அறிவேன் என்பது சுலபமாக இருந்தது. அறிந்தவளை அறிவேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இப்போது சிட்டம்மாள் மறுபடி அவளே கறக்கிறாள். கட்டைவிரலை மடக்காமல், முழுக் கையால் பிடித்துக் கறக்க டாக்டரம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார். வலி இல்லையாம். குதிர்ச் சாவி அவள் இடுப்புக்குத் திரும்பிவிட்டது. வசந்தா ஆக்குகிற சோற்றைச் சிட்டம்மாள் சாப்பிடுவதில்லை; தனியாகப் பொங்கிக்கொள்கிறாள். வீட்டில் ஒன்றுக்கு இரண்டாக அடுப்பு வந்துவிட்டது. விடிகாலையில் எதிர்வீட்டில் புகை எழும்பும்போது பார்ப்பேன். அம்மா மாட்டைக் கறந்துவிட்டு வருவதற்குள், இரண்டு அடுப்பையும் வசந்தாதான் பற்ற வைக்கிறாள்.